கம்பளிக் கோட்டும் கெதார் என்ற சொல்லும்

சித்திரை வெயிலில், முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றால் அவளைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? நீங்கள் நினைப்பது சரிதான். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு டிஸ்பென்சரியின் பின்னறையில் அப்படி நின்றவள் நான்.

ஜன்னலுக்கு வெளியே உளுந்து பறித்த வயல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. உள்ளே மின்விசிறி கிடையாது. கோட்டிலிருந்து பாச்சை உருண்டை நெடி அடித்தது. கழுத்தில் இறங்கிய வேர்வை முதுகு வழியாக இடுப்புக்குப் போவது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மதர் பிலார் என்னைச் சுற்றி ஒரு நடை வந்தார். தோளில் சுருக்கம் எடுத்தார். கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார். பிறகு ஓரடி தள்ளி நின்று பார்த்து, "தே கேதா பியென், பசந்தா" என்றார்.

என் பெயர் வசந்தா. முதல் எழுத்து அவர் வாய்க்குள் நுழையாது. அவருக்கு நான் கடைசிவரை பசந்தாதான்.

"அப்படீன்னா என்னா மதர்?"

"உங்களுக்கு நல்லா பொருந்துது. நல்லா இருக்குது."

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா சிரித்தே உருண்டாள். "கரடிக்குப் பொடவை கட்டுனாப்ல இருக்கு. இதப் போயி நல்லாருக்குதுங்கிறாங்களே!"

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. பனி கொட்டும் ஓர் ஊருக்குப் போகப்போகிறவளுக்குத்தானே இந்தக் கோட்டு?

சுகாதார நர்ஸாக நான் ஊர் ஊராகச் சுற்றிய கதைகளைத்தான் இவ்வளவு வாரமாக இந்தப் பக்கத்தில் படித்து வருகிறீர்கள். அதற்கு முன்னால் நான் ஸ்பானிஷ் படித்தேன் என்று சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. அந்த விஷயத்தை எழுத உட்காரும்போதெல்லாம் வேறு ஏதாவது ஞாபகம் வந்துவிடும், அதை எழுதிவிடுவேன். இந்த வாரம் தள்ளிப்போடாமல் எழுதிவிடுகிறேன்.

நாய்க்கும் மரியாதை

மதர் பிலார் ஸ்பெயின் நாட்டுக்காரர். டிஸ்பென்சரி அவர் பொறுப்பில் இருந்தது. குள்ளமான உருவம், வேகமான நடை, கையில் எப்போதும் டெட்டால் வாசனை. அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் மரியாதைப் பேச்சை மட்டும் கற்றுக்கொடுத்து நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. வாசலில் படுத்திருக்கும் நாயிடம் "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்பார். கோழியிடம் "வெளியே போங்க" என்பார்.

எங்கள் தெரு மனிதர்களிடமும் அதே மரியாதைதான். என் அப்பாவை யாராவது 'நீங்க' என்று கூப்பிட்டு நான் முதன்முதலில் கேட்டது அவர் வாயிலிருந்துதான். அப்பா அன்றைக்குக் காலில் சேற்றுப்புண்ணோடு வந்திருந்தார். "உக்காருங்க ஐயா" என்றதும், யாரைச் சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

அந்த டிஸ்பென்சரியில் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் எடுபிடி வேலை. பஞ்சு வெட்டுவது, ஊசி கொதிக்கவைப்பது, கட்டுத்துணி சுருட்டுவது. ஸ்டெல்லா வேளாங்கண்ணிப் பக்கத்துப் பெண். நான் அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு கிராமத்துப் பெண். இரவு டிஸ்பென்சரியிலேயே படுத்துக்கொள்வோம். இரண்டு பேருமே பள்ளிக்கூடம் முடித்திருந்தோம். எங்கள் இரண்டு பேரையும் ஸ்பெயினுக்கு அனுப்பி நர்ஸ் படிப்பு படிக்கவைக்க மதர் ஏற்பாடு செய்திருந்தார். ஆவணியில் புறப்பாடு.

அதற்குள் கொஞ்சமாவது பாஷை தெரிய வேண்டும் என்றார். பாடப் புத்தகமெல்லாம் கிடையாது. கட்டுத்துணி சுருட்டும் நேரம்தான் வகுப்பு. பாஷையைப் புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும், கை வேலையோடு படித்தால் கையே ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. வெளிநாட்டு மருந்துப் பாட்டிலைக் காட்டி ஒரு சொல், அழுகிற குழந்தையைக் காட்டி ஒரு சொல். அப்படி வந்த சொற்களில் ஒன்றுதான் கெதார்.

ஒரு சொல்லும் அதன் பிள்ளைகளும்

கெதார் என்பது ஒரு வினைச்சொல். அது முதலில் வந்தது கட்டுத்துணியோடு. சுருட்டி முடித்த பிறகு தட்டில் கிடந்த துண்டுகளைக் காட்டி மதர், "கேதான்" என்றார். மீதி இருக்கின்றன என்று பொருள். எழுதிக்கொள்ளாமல் மனதில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் கோட்டு. 'மீதி இருக்கிறது' என்ற அதே சொல்லுக்கு இப்போது 'பொருந்துகிறது' என்று பொருள். எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டியது.

அதற்கடுத்து, "தோந்தே கேதா து காசா?" என்று கேட்டார். உன் வீடு எங்கே இருக்கிறது?

"என்னா மதர், அதே வார்த்தையைப் போட்டு எல்லாத்தையும் சமாளிக்கிறீங்க? உங்க ஊர்ல வார்த்தைக்குப் பஞ்சமா?" என்று கேட்டுவிட்டாள் ஸ்டெல்லா.

மதருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னும் இருக்குது, கேளுங்க. கேதாமோஸ். நாம ரெண்டு பேரும் இன்ன எடத்துல, இன்ன நேரத்துல பாக்கறதுன்னு பேசி முடிவு பண்றது. அதுவும் கெதார். புருஷன் செத்துப் போனா பொண்டாட்டி விதவையா ஆகிடுறா இல்லையா? அந்த ஆகிடுறதும் கெதார்."

"அப்ப மே கேதோன்னா?" என்று, முதல் நாள் அவர் வாயில் கேட்டதை வைத்து நான் கேட்டேன்.

"நான் இங்கேயே இருக்கிறேன். போகலை."

ஊசிப் பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா அந்தச் சொல்லை வேண்டாத விருந்தாளியைப் போலப் பார்த்து, "அது நமக்கு எதுக்கு மதர்? நாங்கதான் போறோமே" என்றாள்.

முருங்கைக் கொம்பு

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் தெரு ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். வீடுகள் எங்களுடையவை, அவை நின்ற மண் பண்ணையாருடையது. வாய்ச்சண்டை வந்தால் முதலில் வருகிற பேச்சு, "நாளைக்கே மனையைக் காலி பண்ணு" என்பதுதான். குடிசைக்குப் பக்கத்தில் மரம் வைக்க விடமாட்டார்கள். மரம் வைத்தவன் பிற்பாடு மண்ணுக்கும் பாத்தியதை கேட்பான் என்ற பயம்.

என் அம்மா ஒரு முறை தெரியாத்தனமாக ஒரு முருங்கைக் கொம்பை நட்டுவிட்டாள். அது துளிர்விட்ட சமயம் பண்ணையின் காரியஸ்தர் வந்தார். நிலத்து விவகாரம் முழுக்க அவர்தான் பார்ப்பார். அவர் திட்டவுமில்லை, அடிக்கவுமில்லை. அம்மாவையே பிடுங்கச் சொல்லி, பிடுங்கி முடிக்கும்வரை குடை பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா செத்து வருஷக்கணக்கான பிறகும் அப்பா முருங்கைக்கீரை சாப்பிட மாட்டார்.

என் அப்பா கோவிந்தன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார். எங்கள் தெரு முனையில் ஒரு மூங்கிலில் செங்கொடி, இன்னொன்றில் கறுப்பு சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் கைகலப்பே நடந்திருக்கிறது. மழை வந்தால் மட்டும் இரண்டையும் ஒரே ஆள் அவிழ்த்துக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைப்பார்.

அந்தத் தை மாசம் அறுப்புக் கூலிக்காக வேலைநிறுத்தம். பண்ணையார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். வரப்பில் தள்ளுமுள்ளு. அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கோட்டுப் போட்டுப் பார்த்த அந்தச் சித்திரையில் அவர் திருச்சி ஜெயிலில் இருந்தார். எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது.

பூட்டு என்றால் என்ன, ஒரு படல் கதவும் ஒரு கயிறும்தான்.

அடுப்பு எரிகிற வீடு

வைகாசியில் ஒரு நல்ல செய்தி வந்தது. யார் மண்ணாக இருந்தாலும் சரி, குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டுவிட்டதாம். தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்து தெருத் தெருவாகப் பார்த்து எழுதிக்கொண்டு போவார்களாம். கேட்டதும் எங்கள் தெருவில் பெண்கள் குலவையிட்டார்கள்.

நல்ல செய்தியின் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அதிகாரி வீடு வீடாக நுழைந்து அடுப்புச் சாம்பலில் கை வைத்துப் பார்த்தாராம். சூடு இருந்தால் ஆள் குடியிருக்கிற வீடு. சாம்பல் குளிர்ந்திருந்தால் மாட்டுக் கொட்டகை, வைக்கோல் கொட்டகை என்று எழுதிவிட்டாராம்.

அதிகாரி எந்த நாளில் வருவார், எந்த நேரத்தில் வருவார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே எங்கள் தெரு ஒரு முடிவுக்கு வந்தது. அடுப்பை அணைப்பதில்லை.

பொங்குவதற்கு அரிசி இருந்த வீடுகள் கொஞ்சம். மற்ற வீடுகளில் பானை நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தார்கள். வற்றினால் மறுபடி தண்ணீர். வரட்டியும் முள்ளும் எரிந்து தெரு முழுவதும் ஒரே புகை. டிஸ்பென்சரிக்குக் கண் எரிச்சல் என்று எங்கள் தெரு ஆட்கள் வரிசையாக வந்தார்கள். மதர் ஒவ்வொரு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே, "ஏன், ஏன்?" என்று கேட்டார். நான் விளக்கிச் சொன்னேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

கூரை வீட்டில் பகல் முழுக்கத் தீ. எங்கள் பக்கத்தில் குடிசைகளைக் கொளுத்திய கொடுமை நடந்து அதிக காலம் ஆகவில்லை. ஒவ்வொரு பெண்ணும் அடுப்பையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் வீட்டு அடுப்பை எரித்தது பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா. தன் அடுப்பில் ஒரு வரட்டி வைத்தால் எங்கள் அடுப்பிலும் ஒன்று வைப்பாள். நான் ஞாயிற்றுக்கிழமை போய் முள் வெட்டிப் போட்டுவிட்டு வருவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரியஸ்தர் வந்து தெருவில் நின்றார். அதே குடை.

"என்னா அஞ்சலை, ஒருத்தியே ரெண்டு அடுப்பு எரிக்கிற? கோவிந்தன் ஜெயில்ல கெடக்கான். அவன் மவ டவுன்ல வெள்ளக்காரியோட இருக்கா, இன்னும் கொஞ்ச நாள்ல சீமைக்கே போறாளாம். அப்புறம் இது யாரு வூடு? ஆபீசரு வரட்டும், நானே சொல்றேன்."

"நான் இருக்கேங்க" என்றேன், வீட்டுக்குள்ளிருந்து வந்து.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இரு இரு. எத்தினி நாளைக்கு இருக்கேன்னு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம்

ஆடிக் கடைசியில் அஞ்சலை அக்காவும் நானும் அப்பாவைப் பார்க்கத் திருச்சிக்குப் போனோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் இன்னும் கறுத்து, இன்னும் மெலிந்து நின்றார். தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தார்கள். சுற்றிலும் எல்லோரும் கத்திப் பேசிக்கொண்டிருந்ததால் அவரும் கத்திப் பேசினார்.

"எப்ப பாப்பா கெளம்புற?"

"ஆவணியிலப்பா. ஆனா வூட்ட..."

"வூடு கெடக்கு வூடு! நீ போ. நீ என்னாத்துக்கு அந்த அடுப்புக்குள்ள உக்காரணும்? உங்க ஆத்தா உக்காந்தது போதாதா?"

"காரியஸ்தர் வைக்கோல் கொட்டகைன்னு எழுத வச்சிருவேங்கிறாரு."

"எழுதட்டும். எனக்கு எங்கயாச்சும் ஒரு எடம் கெடைக்கும். ஏரோப்ளேன்லயா போற?"

"ஆமாப்பா. பம்பாய்லேர்ந்து."

அப்பா பக்கத்தில் நின்ற ஒரு தாடிக்காரரைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டியா? ஏரோப்ளேனு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பிறகு என்னிடம், "போறேன்னு சொல்லு" என்றார்.

"போறேம்பா" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் போவதாகத்தான் இருந்தேன். பஸ்ஸில் வரும்போது அஞ்சலை அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டு, தெரிந்த ஸ்பானிஷ் சொற்களையெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

தெருவுக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டுப் படல் திறந்து கிடந்தது. உள்ளே கூரை முட்ட வைக்கோல். அப்பாவின் பாய், அம்மாவின் மரப்பெட்டி, அடுப்பு எல்லாம் அதற்கடியில். பண்ணை ஆட்கள் வண்டியில் கொண்டுவந்து அடைத்துவிட்டுப் போனார்களாம். தெருவில் திராணியுள்ள ஆண்கள் எல்லாம் அப்போது வெளியூருக்கு நடவுக்குப் போயிருந்தார்கள். இருந்த பெண்கள் கத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான் முடிந்தது.

அன்று பொழுது சாயும்வரை நானும் அஞ்சலை அக்காவும் வைக்கோலை வாரி வெளியே போட்டோம். உடம்பெல்லாம் அரிப்பு, மூக்கெல்லாம் தூசி. அடுப்பைத் துடைத்து, பற்றவைத்து, பானையில் தண்ணீர் ஊற்றினேன். அந்தப் பானைக்கு எதிரில் உட்கார்ந்தவள் மறுநாள் டிஸ்பென்சரிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

ரயில் சத்தம்

மதர் பிலார் தேடிக்கொண்டு வந்தார். சேறு மிதித்து, வாய்க்கால் பாலத்தில் தடுமாறி, எங்கள் வீட்டுக்குள் குனிந்து நுழைந்து, அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்தார். அவருடைய வெள்ளை உடுப்பில் கரி ஒட்டியது.

"ஆபீசர் எப்ப வருவாங்க?"

"தெரியல மதர்."

"வந்துட்டா நீங்க வருவீங்களா?"

"கட்டாயம் வருவேன்."

கீழே கிடந்த ஒரு முள்ளை எடுத்து அவரே அடுப்பில் வைத்தார். பிறகு வெள்ளிக்கிழமை காலை, பாபநாசம் ரயில்வே ஸ்டேஷன், சென்னை போகும் ரயில் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "கேதாமோஸ்?" என்றார்.

"கேதாமோஸ்" என்றேன்.

வெள்ளிக்கிழமைக்குள் அதிகாரி வந்துவிட வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. டிஸ்பென்சரியில் பழகிய பழக்கத்தில் மாதாவையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு பயலும் வரவில்லை.

வியாழக்கிழமை சாயந்திரம் மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். போவது என்று முடிவு. அஞ்சலை அக்காவிடம் சொன்னேன். அவள், "போயிட்டு வாம்மா, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்து நான் சேலை மாற்றிக்கொண்டு நிற்கும்போது தெருவில் ஒரே கூச்சல். "இன்னிக்கு வராங்களாம்! ஆபீசரு இன்னிக்கு நம்ம தெருவுக்குத்தான் வராராம்!" எல்லா வீட்டிலும் பெண்கள் ஓடி ஓடி அடுப்பில் முள்ளைத் திணித்தார்கள்.

நான் படலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு நாள் காத்துக் கிடந்துவிட்டு, அவர் வருகிற அன்றைக்கே வீட்டைப் போட்டுவிட்டுப் போவதா? அவர் பார்த்துவிட்டுப் போன பிறகு பஸ் பிடித்து ஓடினால் ரயிலை எட்டிவிடலாம் என்று ஒரு நப்பாசை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் தெருவிலிருந்து தண்டவாளம் தெரியாது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் ரயில் சத்தம் கேட்கும். அன்றைக்குக் காற்று இந்தப் பக்கம்தான் அடித்தது.

அதிகாரி அன்று வரவில்லை. வருவதாக யார் கிளப்பிவிட்டார்கள் என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

மத்தியானம் மதர் வந்தார். கையில் அந்தக் கறுப்புக் கோட்டு. ஸ்டெல்லாவை ரயிலேற்றிவிட்டு நேராக வந்திருக்கிறார். அவர் கண் சிவந்திருந்தது, ஆனால் எங்கள் வீட்டுக்குள் எல்லோர் கண்ணும் சிவந்துதான் இருக்கும்.

"மே கேதோ, மதர்" என்றேன். நமக்கு எதற்கு என்று ஸ்டெல்லா ஒதுக்கிய அந்த வாக்கியத்தை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் கோட்டை என் மடியில் வைத்தார். நான் திருப்பிக் கொடுக்கப் போனேன். "கேதாதெலோ" என்றார். நீங்களே வச்சுக்குங்க. "இதுவும் கெதார்தான், பசந்தா. இதைச் சொல்லிக்கொடுக்க மறந்துட்டேன்."

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருஷம் அவரையே மாற்றிவிட்டார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர் யாரையும் எங்கும் அனுப்பவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்காதவர்

அதிகாரி புரட்டாசியில் வந்தார். முதல் நாள் பெய்த மழையில் தெரு சொதசொதவென்று கிடந்தது. ஜீப் தெரு முனையில் கொடிக்கம்பத்தடியிலேயே நின்றுவிட்டது. அவர் இறங்கவே இல்லை. செருப்பு பாழாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. கிராமக் கணக்குப்பிள்ளை குடைக்குள் நின்று ஒவ்வொரு பேராகப் படித்தார், அதிகாரி தலையாட்டினார்.

நான் என் அடுப்பை ஊதி ஊதி எரித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"கோவிந்தன்" என்று படித்தார் கணக்குப்பிள்ளை.

காரியஸ்தர் முன்னால் வந்தார். "அவன் இல்லீங்க. ஜெயில்ல இருக்கான். அந்த வூடு சும்மா கெடக்கு."

அதிகாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார். "ஜெயிலுக்குப் போனா வூடு இல்லாமப் போயிடுமாய்யா? ஜெயில்ல என்ன குடியா இருக்கான்? வெளிய வந்தா இங்கதானே வரணும்? எழுதுய்யா."

"அவரு பொண்ணு இருக்குதுங்க, இந்தா நிக்கிதுங்க" என்றாள் அஞ்சலை அக்கா அவசரமாக.

அவர் என்னைப் பார்த்தார். "இருந்தா இருக்கட்டும். அடுத்த பேரு?" என்றார்.

முடிந்துவிட்டது. சாம்பலில் யாரும் கை வைக்கவில்லை. நான் இல்லாமலிருந்தாலும் அதே பேனா அதே பேரை எழுதியிருக்கும்.

தெருவில் மறுபடி குலவை. நானும் சேர்ந்து குலவையிட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அஞ்சலை அக்கா மட்டும் அதைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் நான் நர்ஸாகி, தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கிழக்குக் கிராமத்துக்கும் போனேன். சாம்பலில் கை வைத்துப் பார்த்த கதையைக் கேட்டேன். ஒரு வயதான அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்க ஊர்ல யாரும்மா அப்படிப் பாத்தாங்க? உங்க தெருவுலதான் அப்படிப் பாத்தாங்கன்னு கேள்விப்பட்டு நாங்க மாசக்கணக்கா அடுப்பு எரிச்சோம்" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, வரும் வழியில் மதகுக் கட்டையில் உட்கார்ந்து, ஆத்திரம் தீர அழுதேன்.

கார்த்திகை

அப்பா கார்த்திகையில் விடுதலையானார். அடைமழை. தலையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு வாய்க்கால் பாலத்தில் அவர் வருவதை அஞ்சலை அக்காதான் முதலில் பார்த்துக் கத்தினாள்.

நான் வாசலுக்கு வந்தேன். அப்பா கூரையிலிருந்து கசியும் புகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகம் மலரும் என்று நான் நினைத்திருந்தேன். வீடு நமதாகிவிட்டது என்று எந்த வார்த்தையில் சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

"நீ போவலையா?" என்றார்.

"இல்லப்பா. மனை நம்ம பேர்ல எழுதிட்டாங்க."

அவர் உள்ளே வரவில்லை. மழையிலேயே நின்றார். "ஜெயில்ல அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லியிருந்தேனே" என்றார். "மேல ஏரோப்ளேனு போறப்பல்லாம், தோ எம் பொண்ணு போறான்னு காட்டுவேன். அவனுவளும் எந்திரிச்சு நின்னு பாப்பானுவ."

அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தேன். தலை துவட்டத் துணி கொடுத்தேன். சோறு போட்டேன். சாப்பிட்ட பிறகு சுவரில் தொங்கிய கோட்டைப் பார்த்தார்.

"அது என்னா?"

"அந்த ஊரு குளுருக்குன்னு மதர் குடுத்தாங்கப்பா."

"போடு, பாப்போம்."

"எதுக்குப்பா இப்ப?"

"போடேன்."

போட்டுக்கொண்டேன். பொத்தான்களையும் மாட்டினேன். அடுப்பு வெளிச்சத்தில், அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழே, தலையைக் குனிந்தபடி நின்றேன். கோட்டில் இப்போது பாச்சை உருண்டை நெடி இல்லை, புகை நாற்றம்தான் இருந்தது. அப்பா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கையை நீட்டி, தோளில் இருந்த ஒரு சுருக்கத்தை நீவிவிட்டார்.

"ஒனக்கு நல்லாத்தான் இருக்கு பாப்பா" என்றார்.

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஜெயிலுக்குப் போகும்போதும் அழாத மனுஷன், அம்மாவைத் தூக்கும்போதும் அழாத மனுஷன், அந்த ஈரத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் கோட்டைக் கழற்றவும் தோன்றாமல் நின்றுகொண்டே இருந்தேன்.